ட்ரெய்லர் பிளக்கிலிருந்து கம்ப்ரஸரை ஓட்டலாமா?

கேள்வி: என்னிடம் ஒரு பிக்கப் வண்டியும் அதன் பின்னால் இழுக்கும் மூடிய ட்ரெய்லரும் இருக்கின்றன. தச்சு வேலைச் சாமான்கள் எல்லாம் ட்ரெய்லரில்தான். அதில் 12 வோல்ட் ஏர் கம்ப்ரஸர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். 30 ஆம்ப் எடுக்கும் என்று லேபிளில் போட்டிருக்கிறது, 10 லிட்டர் டேங்க் உண்டு. டயருக்குக் காற்றடிக்கவும் ஆணி அடிக்கும் கன்னுக்கும்தான் பயன்படுத்துகிறேன். 7 பின் ட்ரெய்லர் பிளக்கில் பேட்டரி சார்ஜுக்கென்று வரும் லைனில் இணைத்தேன். 20 ஆம்ப் ஃப்யூஸ் சில நிமிடங்களில் போனது. 30 போட்டேன், அதுவும் சில நாளில் போனது. இப்போது 40 போட்டிருக்கிறேன். ஃப்யூஸ் போவதில்லை, பிளக்தான் தொட முடியாத அளவுக்குச் சூடாகிறது. டேங்க் காலியாக இருந்தால் கம்ப்ரஸர் ஓடுகிறது. 90 பி.எஸ்.ஐ.க்கு இறங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகவேண்டிய நேரத்தில் முனகிக்கொண்டே நின்றுவிடுகிறது. கம்ப்ரஸரில் கோளாறா? பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுக்கலாமா, இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட் கம்ப்ரஸர் வாங்கிவிடலாமா? இன்ஜினை ஓடவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டுமா?

பதில்: மேலே படிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்துவிடுங்கள். அந்த 40 ஆம்ப் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, வண்டியோடு வந்த அதே 20 ஆம்ப் அளவில் புது ஃப்யூஸைப் போடுங்கள். கம்ப்ரஸரை அந்த லைனிலிருந்து பிரித்து வையுங்கள். ஃப்யூஸ் இருப்பது ஒயரைக் காப்பதற்காக. ஒயர் தாங்குவதைவிடப் பெரிய ஃப்யூஸைப் போட்டால், அடுத்து உருக வேண்டியது ஒயர்தான்.

இதை வெறும் எச்சரிக்கையாகச் சொல்லவில்லை. இதே கதையோடு ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தது. பிளக்கைத் திறந்தேன். பாசிட்டிவ் பின் கறுத்திருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் மெழுகு மாதிரி இளகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்படியே இறுகியிருந்தது. அங்கிருந்து ஒயர்க்கட்டைப் பின்தொடர்ந்து சேஸிஸ் ஓரமாகச் சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தபோது, அந்த ஒற்றை ஒயரின் உறை பக்கத்தில் போன பிரேக் லைட் ஒயரின் உறையோடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நகத்தை விட்டேன். ஆறின புண்ணின் பொருக்குப் போல உதிர்ந்து செம்பு தெரிந்தது. ஃப்யூஸ் மட்டும் புத்தம் புதிதாக, கண்ணாடி மாதிரி இருந்தது.

ஆகவே உங்கள் வண்டியிலும் முதலில் பிளக்கையும் சாக்கெட்டையும் திறந்து பாருங்கள். பின் கறுத்திருந்தாலோ பிளாஸ்டிக் நெளிந்திருந்தாலோ அவற்றை மாற்றியே ஆகவேண்டும், கூடவே அந்த ஒயரையும் கை எட்டும் தூரம் வரை பிரித்துப் பார்க்கவேண்டும். ஒன்றும் கெடவில்லை என்றால் ஒரு சின்னச் சோதனை செய்யலாம்.

டேங்கைக் காலி செய்யுங்கள், இன்ஜினை ஓடவிடுங்கள், கம்ப்ரஸரைத் தற்காலிகமாக இணையுங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி பேட்டரியின் இரு முனைகளிலும் ஓர் அளவு எடுங்கள். பிறகு கம்ப்ரஸரின் இரு டெர்மினல்களிலும் ஓர் அளவு எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து விநாடி போதும், அவ்வளவு நேரத்தை 20 ஆம்ப் ஃப்யூஸ் தாங்கிக்கொள்ளும். கம்ப்ரஸர் ஓடாதபோது அளந்தால் இரண்டு இடத்திலும் ஒரே வோல்ட் காட்டி மீட்டர் உங்களை ஏமாற்றும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள். "அளந்து பார்த்தேன், 12.6 இருக்கிறது, ஒயர் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். லோடு இல்லாத ஒயரில் தலைமுடி அளவுச் செம்பு மிச்சமிருந்தாலும் மீட்டர் 12.6 காட்டும்.

உங்களுக்கு என்ன வரும் என்று கணக்குப் போட்டே சொல்லலாம். ட்ரெய்லர் பிளக்கின் சார்ஜ் லைன் பெரும்பாலும் 2.5 ஸ்கொயர் அளவில் இருக்கும், அதாவது செம்பின் குறுக்குவெட்டு 2.5 சதுர மில்லிமீட்டர். வண்டியின் முன்பக்கப் பேட்டரியிலிருந்து ட்ரெய்லருக்குள் கம்ப்ரஸர் வரை 9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் போவதோடு முடிவதில்லை, எர்த் வழியாகத் திரும்பவும் வேண்டும், ஆக 18 மீட்டர். ஒரு மீட்டர் நீளமும் ஒரு ஸ்கொயர் தடிமனும் உள்ள செம்பின் மின்தடை சுமார் 0.0175 ஓம். அதை 18 ஆல் பெருக்கி 2.5 ஆல் வகுத்தால் 0.126 ஓம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத எண். அதில் 30 ஆம்ப் ஓடினால் 3.8 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். பேட்டரியில் 13.8 இருந்தால் கம்ப்ரஸருக்கு வந்து சேருவது 10. பிளக்கின் பின்களிலும், ஒயர் நுனியில் பொருத்தும் உலோக வளையங்களான லக்குகளிலும் போவது தனி. ஒயர் முழுவதும் சேர்ந்து 113 வாட் வெப்பத்தை உமிழ்கிறது, நல்ல சால்டரிங் அயர்ன் இரண்டின் சூடு. அது ஒயரின் நீளம் முழுக்கப் பரவிவிடும், ஆனால் எங்கே தொடர்பு மோசமாக இருக்கிறதோ அங்கே கூடுதல் சூடு ஒரே புள்ளியில் குவியும். உங்கள் வண்டியில் அது பிளக்.

90 பி.எஸ்.ஐ.யில் ஏன் முனகுகிறது என்பதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு கரன்ட் கேட்கும். மும்மடங்கு என்றே எடுத்துக்கொள்வோம், 90 ஆம்ப். உங்கள் ஒயரில் 90 ஆம்ப் ஓடினால் அதிலேயே 11 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். மோட்டாருக்கு மிச்சம் இரண்டரை வோல்ட்கூட இருக்காது. அதனால் அந்த 90 ஆம்ப் ஒருபோதும் வந்து சேராது. மோட்டாரின் முறுக்குவிசை கரன்ட்டைப் பொறுத்தது. கரன்ட் வராவிட்டால் பிஸ்டனை அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளும் வலு கிடைக்காது. காலி டேங்கில் எதிர்ப்பு இல்லாததால் எப்படியோ சுற்றிவிடுகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்திவிடுகிறேன். வோல்ட் குறைந்தால் மோட்டார் அதிகக் கரன்ட் இழுத்து எரியும் என்று பட்டறைகளில் பொதுவாகச் சொல்வார்கள். இன்வெர்ட்டருக்கு அது சரி. கார்பன் பிரஷ் வைத்த உங்கள் 12 வோல்ட் மோட்டாருக்கு நடப்பது வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போது கரன்ட் பெரிதாக அதிகரிக்காது, வேகம்தான் குறையும். வேகம் குறைந்தால் டேங்க் நிறைய நேரம் அதிகமாகும், மோட்டாரின் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றும். சூடு உள்ளே தங்கும். கிளம்ப முடியாமல் முனகி நிற்கும்போதோ நிலைமை இன்னும் மோசம். விசிறியே சுற்றாது, உள்ளே போகும் மின்சாரம் அத்தனையும் வெப்பமாகிறது. ஆகவே முனகல் கேட்டால் உடனே ஸ்விட்சை அணைத்துவிடுங்கள், இன்னொரு தடவை முயன்று பார்க்காதீர்கள்.

கம்ப்ரஸரில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள். டேங்க் நிறைந்து கம்ப்ரஸர் தானாக நிற்கும்போது 'புஸ்' என்று ஒரு சின்னச் சத்தம் வரவேண்டும். அன்லோடர் வால்வ் சிலிண்டர் தலையில் தேங்கிய காற்றை வெளியேற்றும் சத்தம் அது. அந்த வால்வ் உள்ள கம்ப்ரஸராக இருந்து சத்தம் வராவிட்டால், மறு ஸ்டார்ட்டில் பிஸ்டன் அடைபட்ட காற்றையும் சேர்த்துத் தள்ளவேண்டியிருக்கும். நேராக நல்ல பேட்டரி ஒன்றில், தடித்த குட்டை ஒயரால் இணைத்து 90 பி.எஸ்.ஐ.யில் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஆகிவிடும் என்றே நினைக்கிறேன்.

கம்ப்ரஸர் ஓடும்போது ட்ரெய்லரின் விளக்குகள் மங்குகின்றனவா என்றும் கவனியுங்கள். 7 பின் பிளக்கில் விளக்குகளுக்கும் சார்ஜ் லைனுக்கும் எர்த் பின் ஒன்றுதான். மங்கினால் அந்த எர்த் வழியில் வோல்ட் விழுகிறது என்று பொருள். சாலையில் உங்களுக்குப் பின்னால் வருகிறவர் பிரேக் லைட்டைப் பார்த்துத்தான் பிரேக் போடுகிறார். கம்ப்ரஸருக்காக அதைப் பணயம் வைக்கக்கூடாது. ட்ரெய்லர் கொக்கியின் பந்து வழியாக எர்த் கிடைத்துவிடும் என்று சிலர் நம்புவதும் வீண். கிரீஸும் துருவும் பூசிய, வண்டி குலுங்கும்போதெல்லாம் தொட்டும் தொடாமலும் இருக்கிற இடம் அது.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் வேலைக்கு 30 ஆம்ப் தேவைதான், ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? இந்த வகைக் கம்ப்ரஸர்கள் பலவற்றுக்கு ட்யூட்டி சைக்கிள் 33 சதவீதம் அளவில் இருக்கும். பத்து நிமிடம் ஓடினால் இருபது நிமிடம் ஆறவேண்டும். அப்படி முழுமூச்சாக ஒரு மணி நேரம் வேலை வாங்கினாலும் அது ஓடியது 20 நிமிடம், செலவு 10 ஆம்ப் ஹவர். சராசரி பார்த்தால் 10 ஆம்ப்தான். உங்கள் பழைய 2.5 ஸ்கொயர் ஒயர் 10 ஆம்பைச் சூடாகாமல் கொண்டுவரும். வேண்டிய தண்ணீர் மொத்தத்தில் ஒரு குடம்தான், அதை ஒரே வீச்சில் கேட்கிறீர்கள், குழாயோ மெல்லிசு. அதற்குக் குழாயைப் பெரிதாக்குவதைவிடக் குடத்தைப் பக்கத்தில் நிரப்பி வைத்துக்கொள்வது மேல்.

அதாவது ட்ரெய்லருக்குள், கம்ப்ரஸருக்கு ஒரு மீட்டர் தூரத்தில், 12 வோல்ட் 50 ஆம்ப் ஹவர் டீப் சைக்கிள் பேட்டரி, அதாவது ஆழமாகக் காலியாகி நிரம்புவதைத் தாங்கும் வகை, ஒன்றை வையுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாத, மூடிய ஏ.ஜி.எம். வகை போதும். பேட்டரியிலிருந்து கம்ப்ரஸருக்கு 10 ஸ்கொயர் ஒயர் இழுங்கள். அதில் 30 ஆம்புக்கு 0.1 வோல்ட்தான் விழும், கிளம்பும்போது 90 ஆம்ப் என்றாலும் 0.3 வோல்ட். ஃப்யூஸைக் கம்ப்ரஸர் தயாரிப்பாளர் சொன்ன அளவில் போடுங்கள். அது 50, 60 ஆம்ப் என்றிருந்தாலும் 10 ஸ்கொயர் தாங்கும். ஃப்யூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். முனைக்கும் ஃப்யூஸுக்கும் நடுவே ஒயர் உரசிச் சேஸிஸைத் தொட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை, ஆகவே அந்த நீளம் குறையக் குறைய நல்லது. கம்ப்ரஸரின் பிரஷர் ஸ்விட்ச் (டேங்க் அழுத்தத்தைப் பார்த்துத் தானாக நிறுத்தி ஓட்டுவது) வழியாக 30 ஆம்ப் முழுவதும் போகிறதா என்றும் பாருங்கள். போனால் நடுவில் ஒரு கனத்த ரிலே, அதாவது சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் ஸ்விட்ச், வைத்து, ஸ்விட்ச் அந்த ரிலேயின் காயிலை மட்டும் இயக்கும்படி மாற்றினால் அதன் பாயின்ட்கள் நெடுநாள் உழைக்கும்.

இந்த ட்ரெய்லர் பேட்டரியை நிரப்புவதற்கு வண்டியிலிருந்து நேராக ஒயரைச் சொருகிவிடாதீர்கள். 10 ஆம்ப் டி.சி. டு டி.சி. சார்ஜர் ஒன்றை ட்ரெய்லரில், பேட்டரிக்கு அருகில் பொருத்துங்கள். இதற்கு இரண்டு காரணம். நீளமான ஒயரில் வோல்ட் விழுந்து வந்தாலும் அந்தச் சார்ஜர் அதை மேலே தூக்கி 14.4 வோல்ட்டில் பேட்டரியை முழுக்க நிரப்பும். இன்றைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் வோல்ட்டை கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கும், எரிபொருள் மிச்சத்துக்காக 12.5 பக்கம் இறக்கியும் வைக்கும். அதில் நேராக இணைத்த பேட்டரி எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் அரைகுறையாகவே கிடக்கும். 10 ஆம்ப் சார்ஜர் உள்ளே இழுப்பது 13 ஆம்ப் அளவில் வரும். 20 ஆம்ப் ஃப்யூஸுக்கு அது சுகமான சுமை. ஆசைப்பட்டு 20, 25 ஆம்ப் சார்ஜர் வாங்கினால் உள்ளே இழுப்பது 27க்கும் மேலே போய் மறுபடி அதே சூடான பிளக்கில் வந்து நிற்பீர்கள். இன்ஜின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும் அமைப்பு அந்தச் சார்ஜரில் இருக்கட்டும். இல்லாவிட்டால் இரவு முழுக்க வண்டி பேட்டரியை உறிஞ்சிவிடும், காலையில் ஸ்டார்ட்டர் சுற்றாது.

லித்தியம் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எடை பாதிக்கும் குறைவு, நல்லதுதான். ஆனால் அதனுள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் தொடர்ச்சியாக எத்தனை ஆம்ப், கிளம்பும் கணத்தில் எத்தனை ஆம்ப் தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள். சிறியவை சில மோட்டார் கிளம்பும் கரன்ட்டைப் பார்த்ததுமே தன்னை அணைத்துக்கொள்ளும். சார்ஜரும் லித்தியத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும்.

இன்னொரு வழி, செலவு குறைந்தது. கம்ப்ரஸரையே ட்ரெய்லரிலிருந்து எடுத்து பிக்கப்பின் பின்தொட்டியில், முன்பக்கச் சுவரை ஒட்டிப் பொருத்துங்கள். பேட்டரிக்கும் அதற்கும் 4 மீட்டர்தான் இருக்கும். 16 ஸ்கொயர் ஒயர் போட்டால் போக வர 8 மீட்டருக்கு கால் வோல்ட்தான் விழும். அங்கிருந்து ட்ரெய்லருக்கு 10 மீட்டர் காற்றுக் குழாய் போதும். இந்த அளவுக் கம்ப்ரஸர் தரும் காற்றுக்கு 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் அழுத்தம் குறைவது உங்கள் கையில் தெரியவே தெரியாது. ஒயரில் 30 ஆம்பை அவ்வளவு தூரம் கொண்டுபோகப் படும் பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு வேண்டாம். மழையும் தூசியும் படாமல், ஆனால் காற்றோட்டம் இருக்கும்படி ஒரு பெட்டி மட்டும் செய்யவேண்டும்.

இரண்டில் உங்களுக்கு எது? வேலை நடக்கும் இடத்தில் ட்ரெய்லரைக் கழற்றி விட்டுவிட்டு வண்டியை வேறு காரியத்துக்கு எடுத்துப்போவீர்கள் என்றால் ட்ரெய்லர் பேட்டரிதான். தச்சு வேலைக்காரர் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன், என் ஓட்டு அதற்கே. வண்டியும் ட்ரெய்லரும் பிரிவதே இல்லை என்றால் பின்தொட்டி.

நீங்கள் கேட்டபடி வண்டி பேட்டரியிலிருந்து ட்ரெய்லர் வரை தடித்த ஒயர் இழுப்பதும் நடக்காத காரியம் இல்லை. 25 ஸ்கொயர் போட்டால் ஓடும்போது 0.4 வோல்ட்டும் கிளம்பும்போது ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலும் விழும், அது பரவாயில்லை. ஆனால் கொக்கி அருகே அதற்கென்று தனியாகக் கனத்த கனெக்டர் வேண்டும், 50 ஆம்ப் ஆண்டர்சன் வகையில் இந்தத் தடிமன் நுழையாது. ட்ரெய்லர் திரும்பும்போது இழுபடாமல், தரையிலும் உரசாமல் ஒயருக்குத் தொய்வு விடவேண்டும். அத்தனையும் செய்தபிறகும் வண்டி இல்லாத நேரத்தில் ட்ரெய்லரில் கம்ப்ரஸர் ஓடாது.

எந்த வழியானாலும் ஒயர் வாங்கும்போது நுனியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் ஒன்று வெள்ளீயம் பூசிய செம்பு, இல்லையென்றால் செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையை எடுத்து மேலும் கத்தியால் சீவினால் செம்பு நிறம் வருகிறதா என்று தெரிந்துவிடும். அலுமினியம் என்றால் வேண்டாம். அதே தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு வேலைகூடச் செய்யாது. தடிமனையும் உறையை வைத்து எடைபோடாதீர்கள், தடித்த ரப்பருக்குள் மெல்லிய செம்பை ஒளித்து விற்பது சகஜம். லக்குகளை நல்ல கிரிம்ப் கருவியால் அழுத்துங்கள். சால்டர் மட்டும் வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஊறி, அது முடியும் இடத்தில் ஒயர் விறைத்து, வண்டியின் அதிர்வில் அங்கேயே ஒடியும். வண்டிப் பக்கம் எர்த்தை எடுக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சிறிய சென்சார் உட்கார்ந்திருந்தால், உங்கள் ஒயரை அந்த முனையில் மாட்டாமல் சேஸிஸ் எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். நேராக முனையில் மாட்டினால் உங்கள் கம்ப்ரஸர் இழுப்பதை வண்டி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது.

இன்வெர்ட்டர் யோசனையை விட்டுவிடுங்கள். ஒன்றரை குதிரைத்திறன் 230 வோல்ட் கம்ப்ரஸர் ஓடும்போதே 1,500 வாட் அளவில் எடுக்கும். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 12 வோல்ட் பக்கம் 140 ஆம்ப். பல பிக்கப்களின் ஆல்டர்னேட்டர் முழு வேகத்திலேயே அவ்வளவு தராது. அந்த மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கேட்கும், அதற்குத் தாங்கும் இன்வெர்ட்டர் உங்கள் கம்ப்ரஸரைவிடப் பெரிதாக இருக்கும். ஸ்ப்ரே பெயின்ட், இம்பாக்ட் ரெஞ்ச் என்று விடாமல் காற்று கேட்கும் வேலை வந்தால், பெட்ரோல் இன்ஜின் பொருத்திய கம்ப்ரஸரே சரி.

கடைசிக் கேள்வி. ட்ரெய்லரில் தனிப் பேட்டரி வைத்தால் கம்ப்ரஸர் ஓடும்போது வண்டி இன்ஜின் ஓடவேண்டியதில்லை. 50 ஆம்ப் ஹவரில் பாதியை மட்டும் செலவழித்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை நடக்கும், பிறகு வண்டி ஓடும்போது நிரம்பிக்கொள்ளும். பின்தொட்டி வழி என்றால் இன்ஜின் ஓடட்டும், வண்டியின் ஸ்டார்ட்டர் பேட்டரி ஆழமாகக் காலியாவதைத் தாங்காது. ஐடிலில் ஆல்டர்னேட்டர் தன் முழு அளவில் ஒரு பங்குதான் தரும் என்பதால் விளக்கு, ஏ.சி. எல்லாவற்றையும் அணைத்து வையுங்கள். கதவு மூடிய கொட்டகைக்குள் மட்டும் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பிளக்கைத் திறந்து பார்த்தபின் அந்த இரண்டு வோல்ட் அளவுகளையும், கம்ப்ரஸர் லேபிளில் போட்டிருக்கும் ட்யூட்டி சைக்கிளையும் எனக்கு எழுதுங்கள். 3.8க்குப் பதில் 5 வோல்ட் விழுகிறது என்று வந்தால், ஒயரைத் தாண்டி எங்கோ ஒரு தொடர்பு எரிந்துகொண்டிருக்கிறது. எந்த இடத்தில் என்று சேர்ந்தே தேடிப் பிடித்துவிடலாம்.